ஏரிச் சேற்றில் ஓர் இரும்புப் பூட்டு

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் வெக்ஷோ என்னும் நகரம் இருக்கிறது. அந்நகரை ஒட்டி ட்ரும்மன் என்றொரு சிறிய ஏரி. பரப்பு ஏறத்தாழ 1 சதுர கிலோமீட்டர்; 1970க்கு முன்பு அதன் ஆழம் மிக ஆழமான இடத்திலும் ஏறத்தாழ 2 மீட்டர்தான். பல ஆண்டுகளாக நகரத்தின் சாக்கடை நீரும், நார் ஆலை ஒன்றின் கழிவும் இந்த ஏரியில் கலந்து வந்தன. கோடையில் நீர் முழுவதும் பச்சைக் குழம்பாகிவிடும். குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடிக்கொண்டதும், அடியில் ஆக்ஸிஜன் இல்லாமல் மீன்கள் செத்துப்போகும்.

1950களின் இறுதியில் சாக்கடை நீரை ஏரிக்குள் விடுவது நிறுத்தப்பட்டது. இனி ஏரி தானாகவே தெளிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆண்டுகள் பத்து கழிந்தன. ஏரி தெளியவில்லை. கோடைதோறும் அதே பச்சை, அதே நாற்றம்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியையும் கேளுங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி இருக்கிறது. இதுவும் சாக்கடை நீரால் கெட்டுப்போன ஏரிதான். 1963 முதல் 1968 வரை படிப்படியாகச் சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். முன்பு 1 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பொருளைக்கூடப் பார்ப்பது அரிதாயிருந்த அந்த ஏரியில், 1970களின் தொடக்கத்தில் சுமார் 3 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்தது. சில ஆண்டுகளிலேயே ஏரி பிழைத்துக்கொண்டது.

இரண்டு ஏரிகளுக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. ஒன்று குணமாயிற்று, மற்றொன்று குணமாகவில்லை. ஏன்? இதற்கான விடை நீரில் மட்டும் இல்லை. நீருக்கு அடியிலுள்ள சேற்றிலும் இருக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

பாசிக்கு எது பற்றாக்குறை?

பாஸ்பரஸ் என்னும் தனிமத்தை 1669இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் கண்டறிந்தார். பொன் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்தது, இருட்டில் ஒளிவிடும் பாஸ்பரஸ். சிறுநீரில் பாஸ்பரஸ் இருப்பதில் வியப்பில்லை. நம் எலும்பிலும், ஒவ்வோர் உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ.விலும், உடலில் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏ.டி.பி. என்னும் சேர்மத்திலும் அது இருக்கிறது. பாஸ்பரஸ் இல்லாமல் எந்த உயிரும் இல்லை.

பாசியும் ஓர் உயிரே. அதற்குக் கார்பன் வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். முதல் இரண்டும் காற்றில் உள்ளன. காற்றிலுள்ள கார்பன்டைஆக்ஸைடு நீரில் கரைகிறது. நீலப்பசும் பாசிகளில் பல காற்றின் நைட்ரஜனை நேரடியாகவே பயன்படுத்திக்கொள்ள வல்லவை. ஆனால் பாஸ்பரஸ் வாயுவாகக் காற்றில் மிதந்து வருவதில்லை. பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரைந்துதான் வரவேண்டும். ஆகவே இயற்கையான ஏரிகள் பலவற்றில் பாசியின் வளர்ச்சிக்கு வரம்பு கட்டுவது பாஸ்பரஸே.

இதைக் கண்கூடாகக் காட்டிய பரிசோதனை ஒன்று கனடாவில் நடந்தது. ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் 226 என்ற எண்ணுடைய ஏரி, நடுவில் இடுப்புப்போல் குறுகியது. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறு பாதியில் அவற்றுடன் பாஸ்பரஸையும் சேர்த்து இட்டனர். முதல் பாதி தெளிவாகவே இருந்தது. பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சையாக மாறியது. வானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில், திரையின் இருபுறமும் இரண்டு வெவ்வேறு ஏரிகள் போலவே தெரிந்தது.

சிறிதளவு பாஸ்பரஸ் எவ்வளவு பாசியை வளர்க்கும்? சராசரியாக நுண்பாசியின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் இருக்கின்றன. ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1 கிராம் பாஸ்பரஸைக் கொண்டு ஏறத்தாழ 114 கிராம் உலர்ந்த பாசி வளர முடியும் என்று தெரிகிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. நீலப்பசும் பாசிகளில் சில நஞ்சை உண்டாக்குபவை. 2014 ஆகஸ்டில், அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக்கு ஈரி ஏரியிலிருந்து வரும் குடிநீரில் இத்தகைய நஞ்சு கண்டறியப்பட்டது. சுமார் 4 லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்கக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டனர். காய்ச்சிக் குடிக்கவும் வழியில்லை. கொதித்தால் அந்த நஞ்சு அழியாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அந்த ஏரியில் பாசிக்கு உணவானது பெரும்பாலும் வயல்களிலிருந்து மழைநீருடன் அடித்து வரப்பட்ட பாஸ்பரஸ் ஆகும்.

சேற்றில் உள்ள கையிருப்பு

பாசி வளர்கிறது, சில நாட்களில் மடிகிறது. மடிந்த பாசி அடியில் போய்ப் படிகிறது. அதனுடன் பாஸ்பரஸும் அடிச்சேற்றை அடைகிறது. மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பரஸும் அங்கேதான் சேர்கிறது. இப்படி ஆண்டுதோறும் சேர்வது எவ்வளவு ஆகும்? ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2 மீட்டர் ஆழமுள்ள ஓர் ஏரியில் 1 சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு மேலுள்ள நீர் 2,000 லிட்டர். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே ஏரி பச்சை கட்டத் தொடங்கிவிடும். அப்படியானால் நீரில் உள்ள பாஸ்பரஸ் மொத்தம் 0.1 கிராம்.

இனி, அடியிலுள்ள சேற்றில் மேல் 10 சென்டிமீட்டரைப் பார்ப்போம். இச்சேற்றில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்று கொண்டாலும், உலர்ந்த பொருள் சுமார் 10 கிலோ இருக்கும். ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் 1 கிராம் பாஸ்பரஸ் இருப்பது சாதாரணம். ஆகவே சேற்றில் 10 கிராம்.

நீரில் 0.1 கிராம், சேற்றில் 10 கிராம். நூறு மடங்கு! அந்தக் கையிருப்பில் நூற்றில் ஒரு பங்கு மேலே வந்தாலும், நீரிலுள்ள பாஸ்பரஸ் இரண்டு மடங்காகிவிடும். அப்படி வராமல் அதைப் பிடித்து வைத்திருப்பது எது?

துருவின் வேலை

சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த நீரைப் பார்த்திருப்பீர்கள். இறைத்தவுடன் பளிங்குபோல் இருக்கும். குடத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால் செம்பழுப்பாகக் கலங்கி, அடியில் துருப்போல ஏதோ படியும். அது இரும்பு.

இரும்புக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத நிலத்தடி நீரில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த நிலையில் இருக்கிறது. இது பெர்ரஸ் நிலை. இந்த நிலையில் இரும்பு நீரில் எளிதில் கரையும், கண்ணுக்குத் தெரியாது. காற்று பட்டதும் ஆக்ஸிஜன் இன்னும் ஓர் எலக்ட்ரானை எடுத்துக்கொள்கிறது. மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு பெர்ரிக் நிலையை அடைகிறது. பெர்ரிக் இரும்பு நீரில் கரையாது. பெர்ரிக் ஹைட்ராக்சைடு என்னும் பழுப்புத் துகள்களாகப் பிரிந்து படிந்துவிடும்.

இந்தத் துகள்களுக்கு ஒரு குணம் உண்டு. நீரில் உள்ள பாஸ்பேட் அயனிகளை அவை தம் மேற்பரப்பில் இறுகப் பற்றிக்கொள்ளும். துகள்கள் மிக நுண்ணியவை. ஆகையால் அவற்றின் மொத்த மேற்பரப்பு மிகப் பெரிது. எனவே பற்றிக்கொள்ளும் பாஸ்பேட்டும் மிகுதி.

நல்ல நிலையிலுள்ள ஏரியில், சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு இத்தகைய பழுப்புநிறத் தோல் ஒன்று இருக்கும். அடியிலிருந்து கசிந்து வரும் பாஸ்பேட் இந்தத் தோலைத் தாண்டி நீரை அடைவதற்குள் இரும்பிடம் சிக்கிக்கொள்கிறது. இதைத்தான் இரும்புப் பூட்டு என்கிறோம்.

சேற்றில் பாஸ்பரஸ் வேறு வடிவங்களிலும் உண்டு. கால்சியத்துடன் சேர்ந்து அப்படைட் என்னும் கனிமமாக இருக்கும் பாஸ்பரஸ் எளிதில் அசையாது. மடிந்த உயிர்ப்பொருளில் உள்ள பாஸ்பரஸ், அப்பொருள் மக்கும்போது மெல்ல மெல்ல வெளிப்படும். ஆனால் நிலைமை மாறியவுடன் சட்டென்று விடுபடக்கூடியது இரும்பு பற்றியிருக்கும் பாஸ்பரஸே.

மார்ட்டிமரின் பரிசோதனை

இரும்பும் பாஸ்பரஸும் ஏரியில் இணைந்தே நடக்கின்றன என்பதை 1930களில் ஜெர்மன் விஞ்ஞானி ஐன்ஸெலே எடுத்துக்காட்டினார். அதை மேலும் விளக்கியவர் இங்கிலாந்தின் கிளிஃபர்ட் மார்ட்டிமர். ஏரிகள் நிறைந்த வடமேற்கு இங்கிலாந்தில் எஸ்த்வைட் என்னும் ஏரியின் சேற்றைக் கொண்டு அவர் பரிசோதனைகள் செய்தார். முடிவுகள் 1941, 1942 ஆண்டுகளில் வெளிவந்தன.

சேற்றையும் நீரையும் கண்ணாடித் தொட்டிகளில் இட்டு, ஒன்றில் காற்றுப் படும்படியும் மற்றொன்றில் காற்றுப் புகாதபடியும் வைத்தார். பல மாதங்கள் நீரைச் சோதித்து வந்தார். காற்றுப் பட்ட தொட்டியில் பழுப்புத் தோல் அப்படியே இருந்தது. நீரில் பாஸ்பேட் சிறிதளவே. காற்றுப் புகாத தொட்டியில் முதலில் ஆக்ஸிஜன் தீர்ந்தது. பிறகு பழுப்புத் தோல் மறைந்தது. அதைத் தொடர்ந்து நீரில் பெர்ரஸ் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தே ஏறின. பூட்டு கரைந்தது, உள்ளே இருந்தது வெளியே வந்தது.

பௌதிக மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மார்ட்டிமர் சேற்றில் பிளாட்டினம் மின்வாய்களைச் செருகி மின்னழுத்தத்தையும் அளந்தார். அது சுமார் 0.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது இரும்பு கரையத் தொடங்குவதைக் கண்டார். எலக்ட்ரானை இழப்பதும் பெறுவதும்தான் இங்கே நிகழ்வதால், அதை வோல்ட்மீட்டராலேயே அறிய முடிகிறது.

இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியா

ஆக்ஸிஜன் தீர்ந்தால் இரும்பு ஏன் நிலை மாறவேண்டும்? இதற்குக் காரணம் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள். மடிந்த பாசியை அவை உண்கின்றன. உண்ணும்போது வெளியாகும் எலக்ட்ரான்களை ஏதேனும் ஒரு பொருளிடம் ஒப்படைத்தாக வேண்டும். நாம் ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கிறோம், சுவாசிப்பது அதற்காகத்தான். பாக்டீரியாக்களும் முதலில் ஆக்ஸிஜனையே நாடுகின்றன. அது தீர்ந்தால் நைட்ரேட், பிறகு மாங்கனீஸ், அதன்பின் பெர்ரிக் இரும்பு. எலக்ட்ரானைப் பெற்ற பெர்ரிக் இரும்பு பெர்ரஸாகிக் கரைந்துவிடுகிறது.

இரும்பும் தீர்ந்தால் அடுத்தது சல்பேட். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் இதனால்தான். இந்தச் சல்பைடு இரும்புடன் சேர்ந்து கருநிற இரும்பு சல்பைடாகிறது. கெட்டுப்போன குளத்துச் சேறு கறுப்பாக இருப்பதன் காரணம் இதுவே. சல்பைடிடம் சிக்கிய இரும்பு, பாஸ்பேட்டைப் பிடிக்க வருவதில்லை. பூட்டு செய்யவேண்டிய இரும்பே பறிபோய்விடுகிறது.

ஆக்ஸிஜன் எப்படித் தீர்கிறது?

மேலே 1 கிராம் பாஸ்பரஸ் 114 கிராம் பாசியை வளர்க்கும் என்று கண்டோம். அந்தப் பாசி முழுவதும் மக்கும்போது ஏறத்தாழ 142 கிராம் ஆக்ஸிஜன் செலவாகும். 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 1 லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 11 மில்லிகிராம்தான். ஆகவே ஒரு கிராம் பாஸ்பரஸ், தான் வளர்த்த பாசியின் மூலமாக, 12,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீரின் ஆக்ஸிஜனைக் காலிசெய்துவிட முடியும்!

காற்றிலிருந்து புதிய ஆக்ஸிஜன் கரையாதா என்று கேட்பீர்கள். கரையும், ஆனால் அது அடிவரை போய்ச் சேரவேண்டும். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிறது. அடிநீர் குளிர்ந்தே இருக்கிறது. 25 டிகிரியில் உள்ள நீரைவிட 10 டிகிரியில் உள்ள நீர் கன மீட்டருக்குச் சுமார் 2.6 கிலோ எடை கூடியது. வேறுபாடு சிறிதுதான், ஆனாலும் இலேசான நீர் மேலும், கனத்த நீர் கீழுமாக அடுக்குப் பிரிந்துவிடுகிறது. காற்று வீசினாலும் மேலடுக்குத்தான் கலங்கும். கீழடுக்கு, மூடிபோட்ட பாத்திரத்தில் இருப்பதுபோல், தன் கையிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டே அந்தப் பருவத்தைக் கழிக்கவேண்டும்.

இங்கேதான் தீய சுழல் ஒன்று தொடங்குகிறது. பாசி மிகுந்தால் ஆக்ஸிஜன் தீரும். ஆக்ஸிஜன் தீர்ந்தால் பூட்டு திறக்கும். பாஸ்பரஸ் வெளிவந்து மேலும் பாசியை வளர்க்கும். வெளியிலிருந்து ஒரு துளிக் கழிவும் வராமலே ஏரி தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும்.

இரண்டு ஏரிகளின் புதிர்

இப்போது நம் புதிருக்கு வருவோம். வாஷிங்டன் ஏரியின் ஆழம் 65 மீட்டர் வரை உண்டு. கீழடுக்கில் நீர் ஏராளம். அதில் ஆக்ஸிஜன் கையிருப்பும் ஏராளம். அது முற்றிலும் தீர்ந்துபோகும் நிலை வருவதற்கு முன்பே சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். இரும்புப் பூட்டு நிலைத்தது. ஆறுகள் கொண்டுவந்த நல்ல நீர் பழைய நீரை வெளியேற்றியது; பாஸ்பரஸ் அடியில் புதைந்தபடியே கிடந்தது.

ட்ரும்மன் ஏரியோ ஆழமற்றது. மேலே நீர் குறைவு; கீழே கறுத்த சல்பைடுச் சேறு. பனிக்கட்டி மூடிய குளிர்காலத்தில் ஆக்ஸிஜன் தீரும். கோடையில் சேறும் சேர்ந்து சூடாவதால் பாக்டீரியாக்களின் வேலை விரைவுபடும். மேலும், அடர்ந்து வளர்ந்த பாசி நீரிலுள்ள கார்பன்டைஆக்ஸைடை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறும். அப்போது ஹைட்ராக்சைடு அயனிகள் பாஸ்பேட்டைத் தள்ளிவிட்டு இரும்பின் மேல் அமர்ந்துகொள்ளும். வெளிவந்த பாஸ்பேட் உடனே வெளிச்சத்தில் இருக்கும் பாசியை அடைந்துவிடும். போகவேண்டிய தூரம் 2 மீட்டர்தான். பழைய சாக்கடையின் பாஸ்பரஸ், சாக்கடை நின்ற பிறகும் ஏரியை ஆண்டது.

ஏரிக்கு வைத்தியம்

லுண்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் ஆலோசனைப்படி, 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளில் ட்ரும்மன் ஏரியின் மேற்சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். ஆண்டுக்கு அரை மீட்டராக மொத்தம் 1 மீட்டர் கனம். சேற்றுடன் வந்த நீரை அலுமினியம் சல்பேட் இட்டுத் தெளியவைத்து ஏரிக்கே திருப்பி அனுப்பினார்கள். உலர்ந்த சேறு பூங்காக்களுக்கும் புல்தரைகளுக்கும் உரமண்ணாயிற்று. ஏரி நீரின் பாஸ்பரஸ் வெகுவாகக் குறைந்தது. கோடையில் சுமார் 23 சென்டிமீட்டராக இருந்த தெளிவு 75 சென்டிமீட்டராக உயர்ந்தது.

கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது நம் உழவர்களின் பழைய வழக்கம். வயலுக்கு அது உரம். ஏரிக்கு அது வைத்தியம்.

வேறு வழிகளும் உண்டு. கலங்கல் நீரில் படிகாரத்தைக் கலக்கித் தெளியவைப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் நெருங்கிய உறவான அலுமினியம் சல்பேட்டை ஏரியில் தூவினால், அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டாகிச் சேற்றின்மேல் போர்வையாகப் படியும். அதுவும் பாஸ்பேட்டைப் பற்றும். இரும்பைப்போல் அலுமினியம் நிலை மாறுவதில்லை. ஆக்ஸிஜன் போனாலும் பிடியை விடாது. ஆனால் அளவு மீறி நீர் அமிலமானால், கரைந்த அலுமினியம் மீன்களைக் கொல்லும். குழாய் வழியாக அடிநீருக்கு ஆக்ஸிஜன் செலுத்துவது மூன்றாவது வழி. இயந்திரம் ஓடும்வரை பயன் உண்டு.

எந்த வைத்தியத்துக்கும் முதல் நிபந்தனை ஒன்றே: கழிவு உள்ளே வருவதை முதலில் நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் சேற்றை அள்ளுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

நெல்வயலில் அதே நிகழ்ச்சி

ஏரியைக் கெடுக்கும் இதே வேதியியல் நெற்பயிருக்கு நன்மை செய்கிறது. வயலில் நீர் கட்டி நிறுத்தியதும் மண்ணில் ஆக்ஸிஜன் தீர்கிறது, இரும்பு பெர்ரஸாகிறது, அது பற்றியிருந்த பாஸ்பேட்டில் ஒரு பகுதி விடுபட்டு நெல்லின் வேருக்குக் கிடைக்கிறது. இலங்கையரான பொன்னம்பெரும, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய மாற்றங்களை விரிவாக ஆராய்ந்தார். நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் பற்றி 1972இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. இயற்கையின் விதி ஒன்றே. வயலில் நமக்கு வேண்டியது, ஏரியில் வேண்டாததாகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

வாயகன்ற இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் குளத்துச் சேற்றை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு இடுங்கள். முதல் பாட்டிலில் சேற்றுக்குமேல் 3 சென்டிமீட்டர் நீர் ஊற்றித் திறந்து வையுங்கள். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைச் சேற்றுடன் கலந்து, கழுத்துவரை நீர் ஊற்றி, மேலே சமையல் எண்ணெயை ஓர் அடுக்காக விடுங்கள். இறுக மூடவேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். இரண்டையும் வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரங்கள் கவனியுங்கள். முதலாவதில் சேற்றின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் தென்படும். இரண்டாவதில் அந்தத் தோல் இராது. சேறு மெல்லக் கறுக்கும். சேற்றைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறக்கவேண்டாம்.

அந்தப் பழுப்புத் தோலின் கனம் சில மில்லிமீட்டர்தான். ஆயினும் ஓர் ஏரி குடிநீர் தருமா, நாற்றம் தருமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்திருக்கிறது. ஏரியில் கொட்டியது கண்ணுக்கு மறைந்துவிடலாம், அழிந்துவிடுவதில்லை. சேற்றில் அதன் கணக்கு அப்படியே இருக்கிறது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஆழ்துளைக் கிணற்று நீர் குடத்தில் வைத்தபின் ஏன் பழுப்பாகிறது?

2. 20 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் நீரிலும் சேற்றிலும் உள்ள பாஸ்பரஸின் விகிதத்தை, மேலே கண்ட அதே அளவுகளைக் கொண்டு கணக்கிடுக. 2 மீட்டர் ஏரியுடன் ஒப்பிடுக.

3. ஏரியில் சல்பேட் மிகுந்த கழிவு கலந்தால் இரும்புப் பூட்டு ஏன் வலுவிழக்கும்?